ஒம்பது வாத்தும் ஒரு ராத்திரியும்

இந்தப் பக்கமா வந்து உக்காருங்க தம்பி, அங்கன வெயில் அடிக்கும். எதுவரைக்கும் போறீய? கடையமா. நானும் கடையம்தான். பெரிய தெருவுல என் கொழுந்தியா கோமு வீடு. அவ வீட்டுக்காரரு பூதத்தான்னு, உரக்கடை வச்சிருக்காரு. தெரியுமா? அப்பம் சரியாப் போச்சு. அந்த வீட்லதான் என் வீட்டுக்காரி உலகம்மா மூணு வாரமா இருக்கா. கூப்பிடப் போறேன். இன்னைக்குக் கூப்பிட்டாத்தான் உண்டு. நாளைக்குக் காலைல திருவனந்தபுரத்துல அவளுக்கு ஏரோப்ளேன். மஸ்கட்ல மக இருக்கா, விசாவும் டிக்கெட்டும் எடுத்து அனுப்பிட்டா. போனா ஆறு மாசமோ, ஒரு வருசமோ, அங்கனயே இருந்திருவாளோ, யாரு கண்டா.

சண்டையான்னு பாக்கீய. சண்டை கிண்டை ஒண்ணும் கெடையாது. கல்யாணமாகி முப்பத்தி மூணு வருசம் ஆகு. முப்பத்தோரு வருசம் எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தடிச்சதில்ல. நான் டூட்டில இருப்பேன், அவ ஊர்ல இருப்பா. எங்க இருந்து சண்டை வரும்? இது எல்லாம் வாத்துனால வந்தது.

நான் ஜெயில் டிப்பார்ட்மெண்டு தம்பி. வார்டரா சேந்து சீஃப் ஹெட் வார்டரா ரிட்டயர் ஆனேன். பேரு சிவனணைஞ்ச பெருமாள். உள்ள இருக்கவங்க சிவன் ஐயாம்பாங்க. என் டூட்டில ஒருத்தன் தப்பிச்சான்னு கெடையாது. சாயங்காலம் எத்தனை தலைய எண்ணி அடைச்சேனோ, விடிஞ்சு அத்தனை தலைய எண்ணித் தொறந்து விடுவேன். சும்மா பெருமைக்குச் சொல்லல. அதுக்காக நான் எதையெல்லாம் விட்டிருக்கேன் தெரியுமா? மக பொறந்ததே ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். மாமனார் தவறுனப்போ, எரிச்ச மறுநாளு காடாத்துக்குத்தான் வந்தேன். கல்யாணமான புதுசுல மறுவீட்டுக்கு இதே கடையத்துக்கு, இப்பம் கோமு இருக்க அதே வீட்டுக்கு வந்தோம். மூணு நாளு தங்கணும்னு வழக்கம். மதியம் எல போட்டாவ, சாப்பிட்டேன், கை காயுததுக்குள்ள தந்தி வந்துட்டு, உள்ள என்னமோ ரகளைன்னு. பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் அந்த வீட்ல நான் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்ல. அவகளும் ஒண்ணும் சொன்னதில்ல. நல்ல சனங்க.

வாத்துக்கு வாரேன். வீடு கெட்டும்போது அஸ்திவாரத்துக்கு மண்ணு போதல. பின்னாலயே தோண்டிப் போட்டோம். அந்தக் குழில வயக்காட்டுத் தண்ணி ஊறி ஊறி, ஒரு குட்டையாயிட்டு. மூடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், லீவு கெடைக்கல. மக கல்யாணமாகிப் போன வருசம், இவ சந்தைல நாலு வாத்து வாங்கி அதுல விட்டுட்டா. வாத்து ஒழுங்கா அடைகாக்காதுன்னு கோழிக்கு அடில முட்டைய வச்சுப் பொரிக்க வச்சு, நான் ரிட்டயராகி வரும்போது வளவு பூரா வாத்து.

வந்த அன்னைக்கு மொத வேலையா எத்தனைன்னு கேட்டேன். "பதினாலோ பதினஞ்சோ இருக்கும்"ங்கா. கேட்டியளா, இருக்கும்ங்கா. எண்ணிப் பாத்தேன், பதினாலு. நாலு வருசத்துல எத்தனை செத்துச்சுன்னு கேட்டேன். மூணோ என்னமோ, கீரி கொண்டு போயிருக்கும்ங்கா. ஒரு இது வேண்டாமா மனுசிக்கு? சாயங்காலம் அடுக்களை வாசல்ல நின்னு தட்டுல தட்டுவா, எல்லாம் வரிசையா வரும், பஞ்சாரக் கூடையப் போட்டுக் கவுத்துவா. அவ்வளவுதான் பந்தோபஸ்து. மதியம் சாப்பிட்டுட்டு துவைக்கிற கல்லுல உக்காந்து காலத் தண்ணிக்குள்ள விட்டுக்கிடுவா. அதுக வந்து வெரலக் கொத்தும். இவ தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டுக் கெடப்பா. பாக்கதுக்கே எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

நான் வந்து பதினோராம் நாளு, மத்தியானம், ஒண்ணக் கீரி புடிச்சுட்டு. என் கண்ணு முன்னால. கழுத்தக் கவ்வி வேலிக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டு. முப்பத்தோரு வருசம் ஒண்ணு குறைஞ்சதில்ல, வீட்டுக்கு வந்து பதினோரு நாளுல ஒண்ணு போச்சே. இவ ஒரு நேரம் சாப்பிடாம இருந்தா. மறுநாளு எந்திரிச்சுப் பழையபடி தொறந்து விடுதா. நான் சத்தம் போட்டேன். "குட்டைன்னு இருந்தா கீரி வரத்தான செய்யும், அதுக்குன்னு தண்ணியே வேண்டாம்னு விட முடியுமா"ங்கா. அன்னைக்கு முடிவு பண்ணேன், இவளை நம்பி விடக்கூடாதுன்னு.

கம்பி வலை அடிச்சேன் சுத்தி. கீரி அடில தோண்டுச்சு. ஒரு முழம் ஆழத்துக்குக் காங்கிரீட் போட்டேன். கீரி நின்னுட்டு. அப்பம் பாத்தா பக்கத்து வளவு நாய் கேட்டு வழியா வந்து ஒண்ணக் கடிச்சுப் போட்டுட்டு. அது எப்படித் தொறந்து கெடந்துச்சுன்னு கேக்காதீய. நான்தான் காங்கிரீட்டுக்குத் தண்ணி ஊத்தப் போயிருந்தேன். சரி, கேட்டுக்குப் பூட்டு. மேல பருந்து சுத்துது. குஞ்ச மட்டுந்தான் தூக்கும், பெருச ஒண்ணும் செய்யாதுன்னு இவ சொல்லுதா. நான் குட்டைக்கு மேல நைலான் வலை கெட்டினேன். அதுல ஒரு வாத்து காலு மாட்டி, தலைகீழா தண்ணிக்குள்ள கெடந்து செத்துப் போச்சு. அது விபத்து. அத நான் கணக்குல சேக்கதில்ல.

ரயில்வே கேட்டு அடைச்சிட்டானோ? ரயில் இப்பம் கெடையாதே. சரி, வரட்டும். மணி என்ன தம்பி? மூணு பத்தா. அதுக்குள்ளயா.

உடும்பு ஒண்ணு, வயக்காட்டுலருந்து குட்டைக்குத் தண்ணி வாற குழாய் வழியா வரப் பாத்துச்சு. குழாய்க்குச் சல்லடை போட்டேன். அதுல குப்பை அடைச்சு தண்ணி வரத்து நின்னு குட்டை பச்சையாயிட்டு, நாத்தம் வேற. அதுக்கப்புறம்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. தண்ணில விட்டா ஆபத்து. ஜெயில்ல என்ன செய்வோம்? செங்கல் வச்சு அறை கெட்டினேன். ஆறுக்கு எட்டு. மேல ஆஸ்பெஸ்டாஸ். முன்னால கம்பிக் கதவு. காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னால இருக்க வலைக்கூட்டுல தொறந்து விடுவோம், நான் கம்பு வச்சுக்கிட்டு நிப்பேன். குடிக்கத் தொட்டில தண்ணி. அஞ்சரைக்கு லாக்கப். மொத சித்திரைல ஆஸ்பெஸ்டாஸ் சூட்டுல ஒண்ணு செத்துச்சு. தென்ன ஓலை போட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகல. ஒரு நோய் நொடி கெடையாது. முட்டை போடுதான்னு கேட்டா, முட்டை இப்பம் போடதில்ல. அது வேற விசயம்.

இவ வந்து வந்து நிப்பா. "ஒரு நாளு தண்ணில விடுங்க, நான் பக்கத்துல நிக்கேன்"ம்பா. "நீ நின்னா போதுமா, உனக்கு எண்ணத் தெரியுமா"ம்பேன். அப்புறம் கேக்கத விட்டுட்டா. துவைக்கிற கல்லுக்கும் போகதில்ல. வீட்டுக்குள்ளயே இருப்பா. நல்லதுதானன்னு நெனச்சேன், வயசாகுது, வெயில்ல எதுக்கு உக்காரணும்.

ஆனா ரெண்டு பேரு இல்லாம டூட்டி பாக்க முடியாது பாத்துக்கிடுங்க. நான் குளிக்கப் போனா அவ நிக்கணும். அவ சமைக்கும்போது நான் நிக்கணும். கோயில் கொளம்னு ரெண்டு பேரும் சேந்து போறதுன்னு இல்ல. ஒரு கல்யாணம் காச்சின்னா ஒருத்தர்தான். கோமு பேரனுக்குக் காதுகுத்துன்னு பத்திரிகை வச்சாவ. போயிட்டு வான்னேன். நாலு மணிக்குள்ள வந்துரு, சாயங்காலத் தொறப்புக்கு ரெண்டு பேரு வேணும்னு சொல்லித்தான் அனுப்புனேன். தலைய ஆட்டிட்டுத்தான் போனா. நாலு ஆச்சு, வரல. அஞ்சு ஆச்சு. எனக்கு இருப்பு கொள்ளல. பஸ்ல அடிபட்டாளோ, எங்கயும் மயக்கம் போட்டு விழுந்தாளோன்னு நெனப்பு. முன் வாசல்ல போயி நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கேன். கண்ணுல தண்ணி வந்துட்டுன்னா பாத்துக்கிடுங்க. ஆறரைக்கு வந்து எறங்குதா, கைல ஒரு தாம்பாளத்தோட, சிரிச்ச முகமா. பேரன் மடில உக்காந்து எறங்க மாட்டேன்னுட்டானாம்.

பின்னால போயி எண்ணுதேன், பத்துல ஒம்பதுதான் இருக்கு. வலைக்கூட்டுக் கதவு தொறந்து கெடக்கு. சிறகு மட்டும் கெடக்கு.

இப்பம் நீங்க சொல்லுங்க தம்பி, இது யாரு தப்பு? அவ நாலு மணிக்கு வந்திருந்தா நான் எதுக்கு முன் வாசலுக்குப் போறேன்? கதவ நான்தான் தொறந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா எதுனால?

நான் ஒரு வார்த்தை ஏசல. கையத் தூக்குத பழக்கமும் எனக்குக் கெடையாது. டிப்பார்ட்மெண்டுல என்ன முறையோ அதச் செஞ்சேன். மறுநாளு ஒரு வெள்ளைத் தாள எடுத்து, எழுத்துல குடுத்தேன். மெமோ. "நேற்று மாலை நான்கு மணி முதல் ஆறரை மணி வரை தாங்கள் பணியில் இல்லாத காரணத்தால் ஒரு வாத்து இழக்கப்பட்டுள்ளது. இதற்கான விளக்கத்தை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அளிக்கவும்." கீழ கையெழுத்து. அவ்வளவுதான். ஒரு பயம் இருக்கட்டும்னு. என்கிட்ட மெமோ வாங்குனவங்கள்லாம் பின்னால நல்லா வந்திருக்காங்க.

அவ நின்னு படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. மடிச்சு இடுப்புல சொருகிட்டு எனக்குச் சோறு போட்டா. காலைல எந்திரிச்சுப் பாக்கேன், மேசை மேல தாளு இருக்கு. கீழ பென்சில்ல எழுதியிருக்கா. "கோமு வீட்டுக்குப் போறேன். வாத்தை எண்ணிக்கிடுங்க." ஓடிப் போயிப் பாத்தேன். போகும்போது எல்லாக் கதவையும் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கா. மேல வலையையும் அரிவாளால அறுத்துட்டா. எண்ணுனேன். ஒம்பது. சரியா இருந்துச்சு. கதவு தொறந்து கெடக்கு, குட்டை அந்தா எட்டுன தூரத்துல கெடக்கு, ஒண்ணுகூட வெளிய வரல தம்பி. வாசல்கிட்ட வந்து நிக்கி, வெளிய பாக்கு, திரும்பி உள்ள போகு. பழக்கம். ஒன்றரை வருசத்துல அதுகள அந்த அளவுக்குக் கொண்டு வந்திருக்கேன். இத அவ பாக்காமப் போயிட்டாளேன்னுதான் எனக்கு வருத்தம்.

மொத வாரம் கோவம் ஆறட்டும்னு விட்டேன். போன வாரம் இதே பஸ்ல ஏறுனேன். ஆழ்வார்குறிச்சி வரும்போதே மூணேமுக்கால் ஆயிட்டு. எறங்கி எதுத்த பஸ்ல திரும்பிட்டேன். அதுக்கு முந்துன வாரமும் அப்படித்தான். தனியாளா என்ன செய்ய முடியும், சொல்லுங்க. சமையல் நானே. ஒறக்கம் கெடையாது. ராத்திரி அடுக்களைல ஒரு பாத்திரச் சத்தம் கேக்காதான்னு இருக்கு. காப்பி ரெண்டு தம்ளர் போட்டுட்டு ஒண்ணக் கீழ ஊத்துதேன். அவ வரணும் தம்பி. அவ இல்லாத வீட்ல என்னால இருக்க முடியல. யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்லுதேன்.

நேத்து போன் பண்ணா. அவளாத்தான் பண்ணா. டிக்கெட் விசயத்தச் சொன்னா. அப்புறம் அவளே சொன்னா. "நாளைக்கு வாங்க. வந்து ராத்திரி இங்க தங்குங்க. மறுவீட்டுக்கு வந்து தங்காமப் போனீயள்லா, எங்கம்மா அன்னைக்கு விரிச்ச பாயச் சுருட்டிட்டு அழுதா. அந்த ஒரு ராத்திரிய வந்து தங்குங்க. காலைல டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு உங்க கூட வாரேன். தங்க முடியாதுன்னா வரவேண்டாம், நான் புள்ளைகிட்ட போறேன்."

எவ்வளவு ஞாபகம் பாத்தியளா. முப்பத்தி மூணு வருசம். நானே மறந்துட்டேன்.

நான் என்ன சொன்னேன்னா கேக்கீய. சரி, அப்பம் ராத்திரி வாத்த யாரு பாக்கதுன்னு கேட்டேன். சும்மா, ஏற்பாடு பண்ணணும்லா, அதுக்காகத்தான் கேட்டேன். லைன் கட்டாயிட்டு. எங்க பக்கம் டவர் சரி கெடையாது.

ஏற்பாடெல்லாம் பண்ணிட்டேன். பக்கத்து வீட்டு இசக்கியம்மா, நல்ல மனுசி. "நீங்க தைரியமாப் போங்க அண்ணாச்சி, ஒரு ராத்திரிதான, நான் பாத்துக்கிடுதேன். மதினியக் கூட்டிட்டு வாங்க, அது போதும்"னா. சாவியக் குடுத்துட்டேன். எல்லாம் எழுதியும் குடுத்திருக்கேன், ரெண்டு பக்கம். அஞ்சரைக்கு அடைக்கணும், அடைச்சதும் எண்ணணும், தாழ்ப்பாள மேலயும் கீழயும் போடணும், போட்டுட்டு ஒரு தடவை இழுத்துப் பாக்கணும். வாங்கி வாசிச்சுட்டுச் சிரிச்சா. ஏன் சிரிச்சாளோ தெரியல. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. முந்தி வாத்தக் கடிச்ச நாய் அவ வீட்டு நாய்தான். கெட்டிப் போட்டுருதேன்னு சொல்லியிருக்கா. கெட்டிப் போடுவாளாத்தான் இருக்கும்.

ஒரு வழியா கேட்டத் தொறந்துட்டான், வண்டி நகர ஆரம்பிச்சுட்டு. மணி? மூணே முக்காலா. பொட்டல்புதூர் போகும்போது நாலு ஆயிரும்.

ஒரு ராத்திரிதான். நானும் அதத்தான் என்கிட்டயே சொல்லிக்கிட்டு வாரேன். காலைல முகச்சவரம் பண்ணேன், புது வேட்டி எடுத்து உடுத்தியிருக்கேன், பாத்தியளா. இவளுக்குப் பிச்சிப்பூ வாங்கணும்னுகூட நெனச்சேன், இந்த வயசுல என்னத்தன்னு விட்டுட்டேன். போயி எறங்குனா பூதத்தான் எதுக்க வருவாரு. கோமு காப்பி போடுவா. உலகம்மா அடுக்களை நெலையப் புடிச்சுக்கிட்டு நிப்பா, முன்னால வர மாட்டா. எல்லாம் எனக்குத் தெரியும். சாப்பிட்டு, பேசி, படுத்து, விடிஞ்சா ரெண்டு பேரும் சேந்து பஸ் ஏறி வந்திரலாம். இதுல என்ன கஷ்டம். ஒண்ணுமில்ல.

இசக்கியம்மா ஆறு மணிக்கு நாடகம் பாப்பா தம்பி. டிவில. அது ஆரம்பிச்சுட்டா வீடு இடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டா. அஞ்சரைக்கு அடைப்பாளா, நாடகம் முடிஞ்சு அடைப்பாளா? எழுதிக் குடுத்ததுல அந்த விசயத்த நான் சேக்கல. போன் பண்ணலாம்னா அவ நம்பர் உலகம்மாகிட்டதான் இருக்கு. உலகம்மாகிட்ட கேட்டா இதுக்குத்தான் போன் பண்ணீயளாம்பா.

பொட்டல்புதூர் வந்துட்டா? இறங்குதவங்க இருக்காங்களா? இருங்க, இருங்க தம்பி, கால இப்படி வைங்க, நான் இறங்கிருதேன். எதுத்தாப்புல ஒரு அம்பாசமுத்திரம் வண்டி நிக்கி பாருங்க, அதப் புடிச்சா அஞ்சு இருபதுக்கு வீட்டுக்குப் போயிரலாம். அடைக்கதுக்குச் சரியா இருக்கும். கண்டக்டரே, ஒரு நிமிசம், வயசான ஆளு.

தம்பி, நீங்க கடையத்துலதான எறங்குதீய. பெரிய தெரு, பூதத்தான் வீடு. உலகம்மான்னு கேளுங்க. நான் பாதி தூரம் வந்தேன்னு சொல்லாண்டாம், மனசு கஷ்டப்படுவா. ஒம்பதும் பத்திரமா இருக்குன்னு மட்டும் சொல்லிருங்க. அது தெரிஞ்சா நிம்மதியா ஏரோப்ளேன் ஏறுவா.